மார்ச்சில் பார்த்த வீடு, நவம்பரில்

சென்னையில் வீடு மாறும் காலம் மே மாதம். பள்ளித் தேர்வு முடிந்து அடுத்த வகுப்பு தொடங்குவதற்குள் சாமான்களை ஏற்றி இறக்கிவிட வேண்டும். அதனால் வீடு பார்ப்பது மார்ச், ஏப்ரலில். அந்த மாதங்களில் வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, முடிச்சூர் எல்லாமே கட்டாந்தரை. தெருக்கோடியில் மாடு மேயும் காலிமனை, ஏரியின் கலங்கலிலிருந்து உபரிநீர் இறங்கும் வழி என்று அப்போது யாருக்கும் தோன்றாது. "இந்தத் தெருவுல தண்ணி நிக்காது சார், அடுத்த தெருவுலதான்" என்பார் புரோக்கர். அடுத்த தெருவில் இன்னொரு புரோக்கர் இந்தத் தெருவைக் கைகாட்டி அதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

1976, 1985, 2005, 2015, 2021, 2023 என்று வெள்ளம். நடுவே 2003-04, 2017, 2019 என்று வறட்சி. இது தெரியாதவர் ஊரில் இல்லை. இருந்தும் ஏன் அங்கேயே போய்க் குடியேறுகிறார்கள் என்று கேட்பவர்கள், போகிறவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள். நன்றாகவே தெரியும். தரமணியில் டைடல் பார்க் 2000இல் வந்தது. அதன் பின்னால் பழைய மகாபலிபுரம் சாலை நெடுக கம்பெனிகள் வந்தன. 2007இல் பறக்கும் ரயில் வேளச்சேரி வரை நீண்டது. வில்லிவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு தினமும் போய்வருகிற ஒருவர், மடிப்பாக்கத்துக்குக் குடிமாறி நாளைக்கு இரண்டு மணி நேரம் மிச்சம் பிடித்தால், வருடத்துக்கு 250 வேலை நாளில் 500 மணி நேரம். வெள்ளம் வந்து பத்து நாள் முடங்கினாலும் 240 மணி நேரம்தான், அதுவும் சில வருடங்களுக்கு ஒருமுறை. வாடகைக்கு இருப்பவருக்கு, அதுவும் மாடியில் இருப்பவருக்கு, இந்தக் கணக்கு சரியாகவே வரும்.

சொந்த வீடு வாங்குபவருக்குத்தான் இடிக்கிறது. அங்கே மனை ஏன் மலிவாகக் கிடைத்தது? ஏரிக்குக் கீழே இருந்த நன்செய், பாசனம் நின்றபின் மனையாயிற்று. ஏரித்தண்ணீர் தானாகப் பாய்ந்துவர வேண்டும் என்றால் வயல் பள்ளத்தில்தான் இருக்க வேண்டும். மலிவுக்குக் காரணமான பள்ளமும் வெள்ளத்துக்குக் காரணமான பள்ளமும் ஒன்றே. விலை குறைத்துத்தான் தருகிறார்கள். குறைந்த தொகை எதற்கு என்பதைப் பத்திரத்தில் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

தாமாக வராதவர்களும் உண்டு. கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடும்பங்களை, வெள்ள ஆபத்து என்ற காரணமும் சொல்லி, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்திலேயே கொண்டுபோய் அரசு குடிவைத்தது. அவர்கள் விஷயத்தில் 'ஏன் போனார்கள்' என்ற கேள்விக்கே இடமில்லை. பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள். வெள்ளத்தில் மின்சாரம் நின்றால் லிஃப்டும் நிற்கும், மோட்டாரும் நிற்கும். ஏழாவது மாடிக்குக் குடத்தைத் தூக்குவது யார்?

இன்னொரு விஷயம், வீடு பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வி. 2016இல் பார்த்தவர்கள் எல்லாரும் "2015ல தண்ணி வந்துச்சா?" என்று கேட்டார்கள். அந்த வருடமே வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குழாய்நீர் வினியோகம் நாளொன்றுக்கு 83 கோடி லிட்டரிலிருந்து 52.5 கோடி லிட்டராக இறங்கி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது, கேள்வி "போர்ல தண்ணி இருக்கா?" என்று மாறிவிட்டது. அந்தக் கேள்வியோடு வாங்கிய தரைத்தள வீடுகளில் 2021இல் கட்டில் மிதந்தது. கடைசியாக வந்த ஆபத்தை மட்டுமே மனதில் வைத்து வீடு பார்க்கிறோம். இரண்டு கேள்வியையும் எந்த வருடத்திலும் கேட்க வேண்டும்.

எந்தத் தண்ணீர், எங்கிருந்து

"செம்பரம்பாக்கம் திறந்துட்டாங்களா?" என்று தென்சென்னை முழுக்கக் கேட்பார்கள். பாதிப் பேருக்கு அந்தச் செய்தியால் பயனில்லை. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம். அதற்குக் கீழே இருக்கும் அனகாபுத்தூர், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் போன்ற இடங்கள்தான் அந்த அறிவிப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டும். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அங்கே வருவது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர். 2015 டிசம்பர் முதல் தேதி மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. அப்படி ஒரு மழைக்கு எந்த மதகையும் யாரும் திறக்க வேண்டியதில்லை.

வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைக் கதை மூன்றாவது வகை. கீழ்க்கட்டளை, நாராயணபுரம், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று சங்கிலியாக இருக்கும் ஏரிகளின் தண்ணீர் பள்ளிக்கரணைக் கழுவெளியில், அதாவது சதுப்பு நிலத்தில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, தெற்கே முட்டுக்காட்டுக்குப் போய்க் கடலைத் தொட வேண்டும். ஒருகாலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த கழுவெளி இது. 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களின் பட்டியலில் ஏறியது 1,247 ஹெக்டேர். வாட்டம் மிகக் குறைவு. கடல் ஏற்றத்தில் இருந்தால் முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. அதனால் முடிச்சூரில் வேகமாக ஏறி வேகமாக வடியும் தண்ணீர், பள்ளிக்கரணைப் பக்கம் மெதுவாக ஏறி நாள்கணக்கில் நிற்கும். முதலாவதில் உயிருக்கு ஆபத்து அதிகம்; இரண்டாவதில் சுவர், மரச்சாமான், வயரிங், தொட்டித் தண்ணீர் எல்லாம் கெடும். எந்த வகை என்று தெரிந்தால்தான் எதற்குத் தயாராவது என்று தெரியும்.

காகிதத்தில் பார்ப்பது

தாய்ப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் வக்கீல் பார்த்துவிடுவார். அவர் வேலை மனை யாருக்குச் சொந்தம் என்பது. தண்ணீர் வருமா என்பதல்ல. அதற்கு வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் நிலத்தின் பழைய வகைப்பாட்டைப் பார்க்க வேண்டும். தமிழக அரசின் இணையச் சேவையில் சர்வே எண் கொடுத்தாலே அதையும், நில எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் பார்க்கலாம். நம் மனையின் எண்ணை மட்டும் பார்த்து மூடிவிடக் கூடாது. சுற்றியுள்ள எட்டுப் பத்து எண்களையும் போட்டுப் பார்த்து, 'ஏரி', 'தாங்கல்', 'குட்டை', 'ஓடை', 'வாய்க்கால்' என்று வந்தால் புலப்படத்தில் அது எந்தப் பக்கம் போகிறது என்று பென்சிலால் தொடர்ந்து பார்க்க வேண்டும். வாய்க்கால் நம் மனைக்கு முன் வந்து, அடுத்த எண்ணில் காணாமல் போனால், மழைக்காலத்தில் அது நம் மனையில்தான் தேடப்படும். மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, பெருங்குடி, சோழிங்கநல்லூர் எல்லாம் 2011இல்தான் மாநகராட்சியில் சேர்ந்தவை. பழைய கிராம சர்வே எண்ணும் புதிய நகர சர்வே எண்ணும் வேறாக இருக்கலாம். இரண்டையும் கேட்டு வாங்குவது நல்லது.

பட்டா இருக்கிறது, சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி இருக்கிறது, வங்கிக் கடன் கிடைத்துவிட்டது, ஆகவே பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். மூன்றும் தண்ணீருக்குத் தெரியாது. பள்ளிக்கரணையை ஒட்டி வாங்குபவர்கள் ராம்சார் எல்லையிலிருந்து தூரம் எவ்வளவு என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைச் சுற்றிய ஒரு கி.மீ.க்குள் புதிய அனுமதிகளை நிறுத்திவைத்தது. முன்பணம் கட்டிவிட்டு அனுமதிக்குக் காத்திருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

தெருவில் பார்ப்பது

காகிதத்தைவிடத் தெரு அதிகம் பேசும். இஸ்திரி வண்டிக்காரர், மளிகைக் கடைக்காரர், அபார்ட்மென்ட் வாட்ச்மேன் மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்கலாம். "தண்ணி வருமா?" என்று கேட்டால் "எல்லா இடத்துலயும்தான் வருது" என்று முடித்துவிடுவார்கள். கேட்க வேண்டியது: 2015இல் எதுவரை வந்தது, 2023இல் எதுவரை வந்தது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எத்தனை நாள் நின்றது, கரண்ட் எத்தனை நாள் இல்லை. உயரத்தைவிட நின்ற நாள்தான் முக்கியம். ஓரடித் தண்ணீர் ஆறு மணி நேரம் நின்றால் துடைத்துவிடலாம். அதே ஓரடி ஐந்து நாள் நின்றால் பிளைவுட் அலமாரி, கதவு நிலை, கீழ்வரிசை பிளக் பாயின்ட் அத்தனையும் போச்சு.

யாரும் சொல்லாவிட்டாலும் அடையாளம் இருக்கும். கடை ஷட்டரின் கீழ்ப்பகுதியில் ஒரே உயரத்தில் துரு, காம்பவுண்டுச் சுவரில் பெயின்ட் இரண்டு நிறமாகப் பிரியும் கோடு, கேட்டுக்கு உள்ளே ஒன்றரை அடிக்குக் கட்டிய செங்கல் தடுப்பு, கான்கிரீட் மேடைமேல் ஏற்றிவைத்த மின்பகிர்வுப் பெட்டி. தரைத்தளத்தில் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் இரண்டடி ஸ்டாண்டில் நின்றால் அந்த வீட்டம்மா எல்லாவற்றையும் சொல்லாமலே சொல்லிவிட்டார்.

அடுத்தது அளவு. கொத்தனார்கள் பிடிக்கும் டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய பத்து மீட்டர் நிறமற்ற பிளாஸ்டிக் குழாய் போதும். சாலையின் நடுமேட்டை சுழியமாக வைத்து, போர்டிகோ, சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) மூடி, வீட்டின் உள்தரை, மின் மீட்டர் பெட்டி நான்கும் எவ்வளவு மேலே என்று குறித்துக்கொள்ள வேண்டும். உள்தரை சாலையைவிட மூன்றடியாவது உயரம் இல்லாத தரைத்தளத்தை இந்தப் பகுதிகளில் வாங்காமல் இருப்பதே மேல். இருபது வருட வீடு என்றால் கட்டும்போது இருந்த உயரம் இன்று இருக்காது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டுப் போட்டு, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று அங்குலம் சாலை ஏறியிருக்கும். இனியும் ஏறும்.

கோடையில் என்ன ஆகும்

சென்னையில் வருடத்துக்குச் சராசரியாக 1,400 மி.மீ. மழை. பஞ்சத்துக்கு உரிய அளவே அல்ல. ஆனால் அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. தேக்கிவைக்க இருந்த ஏரிதான் மனையாகிவிட்டது. கழுவெளியோரக் களிமண்ணோ தண்ணீரை உள்ளே விடாது. நவம்பரில் இடுப்பளவு நின்ற இடத்தில் மே மாதம் லாரி வருவதற்கு இதுதான் காரணம்.

நான்கு பேர் குடும்பத்துக்கு ஆளுக்கு 135 லிட்டர் வீதம் நாளைக்கு 540 லிட்டர். நாற்பது வீட்டு அபார்ட்மென்ட்டுக்கு 21,600 லிட்டர். போர் நின்றுவிட்டால் 24,000 லிட்டர் லாரி தினமும் ஒன்று. வீடு வாங்குமுன் சங்கத்தின் மே, ஜூன் மாதப் பராமரிப்புக் கணக்கைக் கேட்டு, லாரிச் செலவு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஜனவரிக் கணக்கைக் காட்டினால் ஏமாறக் கூடாது. லாரி உள்ளே வந்து திரும்பத் தெரு அகலம் இருக்கிறதா, சம்ப் ஒரு லாரியை முழுதாக வாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். 24,000 லிட்டர் லாரிக்கு 15,000 லிட்டர் சம்ப் இருந்தால் மீதிக்கும் சேர்த்துத்தான் பணம்.

போர்த் தண்ணீரை ருசி பார்த்து முடிவு செய்யாதீர்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். லிட்டருக்கு 500 மி.கி.க்குள் இருந்தால் குடிக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. வேறு வழி இல்லாதபோது 2,000 வரை அனுமதி. ஆனால் 1,500ஐத் தாண்டினாலே கீசர் காயிலில் உப்பு படிந்து சீக்கிரம் போய்விடும், குழாய்கள் வெள்ளை பூக்கும், ஆர்.ஓ. இயந்திரம் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று குடத்தை வெளியே தள்ளும். அளக்க வேண்டிய மாதம் மே. டிசம்பர் அளவு மழையின் அளவு, போரின் அளவல்ல.

மழைநீர்ச் சேகரிப்பு 2003இலிருந்து கட்டாயம். அதனாலேயே பல வீடுகளில் அது கணக்குக் காட்டும் குழாயாக நிற்கிறது. மணற்பாங்கான திருவான்மியூர், நீலாங்கரைப் பக்கம் உறிஞ்சுகுழி நன்றாக வேலை செய்யும். களிமண்ணில் அதே குழி வெறும் கொசுத்தொட்டி. நவம்பரில் நிலத்தடி நீரே ஓரடி இரண்டடியில் நிற்கும்போது குழி எதை உறிஞ்சும்? இங்கே மொட்டைமாடித் தண்ணீரை நேராக சம்ப்புக்குக் கொண்டுபோவதே வழி. ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு செ.மீ. மழை பெய்தால் 930 லிட்டர் விழும். சிந்தியது போக 750 கிடைக்கும். எட்டு செ.மீ. கொட்டும் ஒரு மழைநாளில் 12,000 லிட்டர் சம்ப்பில் பாதி நிறைந்துவிடும். இடையில் இரண்டடிக்கு இரண்டடி வடிகட்டித் தொட்டி: அடியில் 40 மி.மீ. ஜல்லி, அதன்மேல் 20 மி.மீ. ஜல்லி, அதன்மேல் நைலான் வலை, மேலே ஆற்றுமணல். முதல் மழையை வெளியே விட ஒரு தனி வால்வு. கெட்டுப்போவது எப்போதும் மணல்தான். செப்டம்பரில் மணலை எடுத்து அலசிப் போடாவிட்டால் தண்ணீர் வடிகட்டியைத் தாண்டி வழிந்து போகும். வீட்டுக்காரர் 'சிஸ்டம் வேலை செய்யலை' என்பார்.

வெள்ளம் வரும்போது, வந்த பின்

முதலில் கெடுவது சம்ப். மூடி தரையோடு தரையாக இருப்பதால் சாக்கடை கலந்த தெருத் தண்ணீர் நேராக இறங்குகிறது. வாயை இரண்டு மூன்று அடி உயரத்துக்குக் கட்டி, ரப்பர் வைத்த மூடி போட்டுவிட்டால் பாதித் தொல்லை தீரும். அசுத்தமாகிவிட்டால் உடனே மோட்டார் போட்டுக் காலிசெய்யத் தோன்றும். அப்போது செய்யக் கூடாது. சுற்றிலும் மண் ஊறி நீர்மட்டம் மேலே இருக்கும்போது, காலியான 12,000 லிட்டர் சம்ப்பைக் கீழிருந்து பன்னிரண்டு டன் அளவுக்குத் தண்ணீர் தூக்கும். தொட்டி எழும்பும், அல்லது அடித்தளம் விரிசல் விடும். பிறகு நிரந்தரமாக வெளித்தண்ணீர் கசியும். தெருவில் வடிந்து சில நாள் கழித்தே காலிசெய்து, பிளீச்சிங் கரைசலால் சுவரைத் தேய்த்துக் கழுவி, நிரப்பிய பின் ஆயிரம் லிட்டருக்கு நான்கைந்து கிராம் பிளீச்சிங் பவுடர் வீதம் வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட வேண்டும். அதன்பிறகும் குடிக்கக் கொதிக்கவைத்தே ஆக வேண்டும்.

இரண்டாவது கழிவறை. பாதாளச் சாக்கடை நிரம்பினால் தரைத்தளக் கழிவறை வழியாகத்தான் மேலே வரும். வெளிச் சேம்பரில் தண்ணீரை வெளியே மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டுக்கொள்ளலாம். அது இல்லாதவர்கள் பாலித்தீன் பையில் மணல் கட்டிக் கழிவறை வாயிலும் குளியலறை ஜாலியிலும் வைக்க வேண்டும். வால்வு போட்டவர்களும் வருடம் ஒருமுறை திறந்து பார்க்காவிட்டால், துணி சிக்கி மூடாமல் நிற்கும்.

மழை வலுத்ததும் லிஃப்டை இரண்டாம் மாடியில் நிறுத்தி மெயினை அணைப்பது, இன்வெர்ட்டர் பேட்டரியைத் தரையிலிருந்து ஏற்றுவது, மேல்தொட்டியை நிரப்பிவைப்பது எல்லாம் மின்சாரம் இருக்கும்போதே முடிய வேண்டும். தெருப் பெட்டி முழுகினால் மின்வாரியமே இணைப்பை நிறுத்தும், அது சரியானதும்கூட. வண்டிகளுக்கு வேளச்சேரிக்காரர்கள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள்: 2024 அக்டோபரில் எச்சரிக்கை வந்ததுமே மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்தினார்கள். மூழ்கிய காரை ஓடுகிறதா என்று ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் பெரிய தப்பு. சிலிண்டருக்குள் போன தண்ணீர் அழுந்தாது. கனெக்டிங் ராடு வளையும். எஞ்சின் பாதுகாப்புக்கு என்று தனியாக எடுக்காத பாலிசியில் அந்தச் செலவு கிடைக்காது. இழுத்துக்கொண்டு போய்த்தான் பார்க்க வேண்டும்.

தரைத்தளத்தை வாங்கிவிட்டு மாட்டிக்கொண்டவர்களில் சிலர் இப்போது வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். அடித்தளச் சுவரைத் துண்டுதுண்டாக உடைத்து, நெருக்கமாக ஜாக்கிகளைச் செருகி, எல்லாவற்றையும் ஒரே அளவில் திருகித் தூக்கி, கீழே புதிதாகச் சுவர் கட்டுவார்கள். மூன்று நான்கு அடி ஏறும். விலை பேசும்போது தூக்கும் கூலியை மட்டும்தான் சொல்வார்கள். வாசல்படி, கார் ஏறும் சாய்தளம், கழிவுக்குழாய் வாட்டம், மீட்டர் இடமாற்றம், மண் நிரப்பிப் புதுத்தரை போடுவது ஆகியவை தனி. கூட்டிப் பார்த்தபின் கையெழுத்திட வேண்டும். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் இந்த வேலையைத் தொடவே கூடாது. சம்ப் மட்டும் பழைய இடத்திலேயே, இன்னும் மூன்றடிப் பள்ளத்தில் இருக்கும். அதன் வாயைத் தூக்கிக் கட்டுவதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.